சாய்த்துப் பார்த்த கையெழுத்து

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறுதான் சொல்லும். மனசு அப்புறம்தான் ஒப்புக்கொள்ளும். எங்களிடம் புத்தகம் வாங்குகிற ஒரு லாரி முதலாளியின் ஜீப் எங்கள் கடை வாசலில் வந்து நின்றால் போதும், தின்ற சோறு வயிற்றுக்குள் புரள ஆரம்பித்துவிடும். இத்தனைக்கும் அந்த மனிதர் என்னிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். கத்துகிற ஆளென்றால் எப்போது கத்துவார், எப்போது அடங்குவார் என்று நமக்கு ஒரு கணக்கு பிடிபட்டுவிடும். சத்தமே போடாதவரை என்னவென்று கணிப்பது? எனக்குத் தெரியவில்லை.

ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற சாலையில் எங்களுக்கு ஒரு பழைய புத்தகக் கடை இருந்தது. எண்பதுகளின் பிற்பகுதி அது. பங்களாவைக் காலி செய்துகொண்டு போகிறவர்கள் விட்டுப்போன நாவல்கள், சமையல் புத்தகங்கள், போர்டிங் ஸ்கூல் பிள்ளைகள் படித்துப் பிய்த்த இங்கிலீஷ் காமிக்ஸ் எல்லாம் மூட்டையாகக் கடைக்கு வரும். எடைக்கு வாங்கி, ஒவ்வொன்றாக விற்போம்.

என் வீட்டுக்காரர் அதற்கு முன்பு மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தவர். கையெழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். "இந்த ஆள் எழுதினால் தப்பான கணக்கும் சரியாகத் தெரிகிறது" என்று எஸ்டேட் மேனேஜர் ஒருமுறை சொன்னாராம். அது பாராட்டா வசவா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். என் வீட்டுக்காரருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லுவார்.

எனக்குக் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி. ஆனால் கண் நன்றாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நாகலூரில் எஸ்டேட் குடோனில் உட்கார்ந்து காப்பிக்கொட்டை பொறுக்கியவள் நான். முழுசாக இருப்பது ஏ, கொஞ்சம் சிறுத்தது பி, அப்புறம் உடைசல், கடைசியில் கருப்பு. பேச்சு பாட்டுக்குப் பேச்சு, கை பாட்டுக்குக் கை என்று ஓடும். காமிக்ஸ் மூட்டையை முதன்முதலில் தரையில் கொட்டியபோது எனக்கு வேறு வழி தெரியவில்லை, அதே மாதிரி பிரித்துவைத்தேன். நடுவில் அடித்த கம்பிப் பின் துரு ஏறாமல், அட்டை மடங்காமல், பக்கம் குறையாமல் இருந்தால் ஏ. பின் துரு காகிதத்தில் இறங்கியிருந்தால் பி. போட்டிக் கூப்பனைப் பிள்ளைகள் கத்தரித்து எடுத்திருந்தால் உடைசல். பூச்சி அரித்தது, பனியில் ஒட்டிக்கொண்டது எல்லாம் கருப்பு. ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வைப்பேன். பெங்களூரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் காமிக்ஸ் சேர்க்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் "இது ஏ தானுங்களா, இல்ல உடைசலா?" என்று கேட்கப் பழகிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பாக வரும், பெருமையாகவும் இருக்கும்.

கையெழுத்து போட்ட காமிக்ஸ் விஷயம் தனி. வெகு காலத்துக்கு முன்பு, ஆகாயக் கப்பல் சாகசக் கதைகளுக்குப் படம் வரைந்த வெள்ளைக்காரர் ஒருவர் இங்கே ஒரு காப்பித் தோட்டத்து நண்பரின் பங்களாவில் வந்து தங்கியிருந்தாராம். அப்போது அந்த வீட்டுப் பிள்ளைகளின் காமிக்ஸ் புத்தகங்களில் கையெழுத்து போட்டுக் கொடுத்தாராம். அந்த பங்களாவின் அலமாரியிலிருந்தே ஒன்றிரண்டு எங்கள் கடைக்கு வந்தன. அவற்றை வைத்துத்தான் அவர் கையை நான் படித்தேன். பேனாவை எங்கே தூக்குவார், எங்கே அழுத்துவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி ஆனது. எங்கள் மலையின் ஈரத்தில் பல வருஷம் கிடந்த பேனா மை ஒரு மாதிரி ஆகிவிடும். ஓரத்தில் பழுப்பு ஏறும், நார்நாராகக் காகிதத்தில் இறங்கும், பக்கத்தைத் திருப்பினால் பின்னால் லேசாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் கடைசியில், பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் தெரியாத அழுத்தமெல்லாம் சாய்த்தால் எழுந்து நிற்கும். எவனாவது நேற்று புதுப் பேனாவால் அழுத்திப் போட்டிருந்தால் அதில் மாட்டிக்கொள்வான்.

லாரி முதலாளிக்கு இதையெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர் சேலத்தில் பெரிய லாரிக் கம்பெனி வைத்திருந்தார். சின்ன வயதில் காமிக்ஸ் வாங்கக் காசில்லாமல் கடை வாசலில் நின்றே படித்தவராம். இப்போது பீரோ பீரோவாகச் சேர்த்தார். நான் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கேட்டுக்கொள்வார். என் வீட்டுக்காரர் பின்னால் ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டே அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். 

அந்த முதலாளியைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. ஓமலூர்ப் பக்கத்தில் ஒருவர் போலிப் பழைய நாணயத்தை நிஜம் என்று அவர் தலையில் கட்டிவிட்டார். அப்புறம் ஒரு நாள் அந்த ஆளின் வலது கை விரல்கள் மேல் லாரியின் பின்கதவு விழுந்துவிட்டது. 'விழுந்துவிட்டது' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்த ஆளை நானே ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இடது கையால் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன.

ஒரு மழைக்காலத்தில் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், நான் நாகலூரில் கொஞ்ச நாள் தங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரர் தானாகவே சொன்னார். "கையெழுத்து போட்டது ஒண்ணு வந்துச்சு புள்ள. லாரிக்காரரு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

"எங்கிருந்துங்க வந்துச்சு?"

"செம்மநத்தத்துல இருந்து ஒருத்தரு கொண்டாந்தாரு."

"நான் வர்ற வரைக்கும் வெச்சிருக்கக் கூடாதுங்களா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன், நீ பார்த்தாத்தான் நெசமா? நான் பார்த்தா ஆவாதா? இந்தக் கடையில எனக்குக் கண்ணே இல்லையா?" என்றார். அம்மாவைப் பற்றிய கவலையோடு வந்திருந்த நான் அதோடு விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு பகல். பனி இறங்கி எதிரே இருந்த மரம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஜீப் சத்தம் முதலில் வந்தது, பிறகுதான் ஜீப் தெரிந்தது.  லாரி முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். டிரைவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டான். பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தக் காமிக்ஸை எடுத்து, இரண்டு கையாலும் என் முன்னால் வைத்தார்.

"பம்பாய்ல இருந்து ஒருத்தரு இதைப் பார்க்க வாரேன்னு சொல்லியிருக்காருங்க அம்மிணி. நொம்ப வெவரமான ஆளு. உங்க ஊட்டுக்காரரு நெசம்னுதான் சொல்லிக் குடுத்தாரு. இருந்தாலும் உங்க கண்ணு ஒருக்கா பார்த்துட்டா எனக்கொரு நிம்மதிங்க."

கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். கம்பிப் பின் பளபளவென்று இருந்தது. அட்டையில் ஒரு மடிப்பு இல்லை. பக்கங்களை எண்ணினேன், குறையவில்லை. கூப்பன் கத்தரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. "ஏ தானுங்க" என்றேன். அவர் தலையாட்டினார். அவர் அதற்காக வரவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

முதல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே கையெழுத்து. பார்த்ததும் நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. பேனாவைத் தூக்க வேண்டிய இடத்தில் தூக்கியிருந்தது. ஓரத்தில் பழுப்பு இருந்தது. நார்நாராக மை இறங்கியிருந்தது. பக்கத்தைத் திருப்பினேன், பின்னாலும் லேசாகத் தெரிந்தது. முகர்ந்து பார்த்தேன், ஈர வாடைதான். அதில் கொஞ்சம் காப்பி டிகாஷன் வாடையும் கலந்திருந்ததோ என்னவோ, எங்கள் வீட்டில் எதில்தான் காப்பி வாடை இல்லை.

நான் என்னென்ன தேடுவேனோ அத்தனையும் அங்கே இருந்தது. ஒன்று குறையவில்லை, ஒன்று அதிகமில்லை. இலையில் பரிமாறிவைத்தது மாதிரி வரிசையாக இருந்தது. நிஜமான கையெழுத்து ஒன்றில்கூட இப்படி எல்லாம் ஒருசேர அமைந்து நான் பார்த்ததில்லை. எங்கேயாவது ஒரு இழுப்பு, ஒரு அவசரம் இருக்கும். இதைப் போட்டவருக்கு நான் எதைப் பார்ப்பேன் என்று தெரிந்திருக்கிறது. 

ஜன்னல் பக்கம் திரும்பிப் பக்கத்தைச் சாய்த்தேன். பனி வெளிச்சம் மங்கலாகத்தான் இருந்தது. அது போதுமானதாக இருந்தது. கையெழுத்துக்கு மேலே, மை துளிகூட இல்லாத வெறும் இடத்தில், ஒரு அழுத்தம் எழுந்து நின்றது. ஒரு 'உ'. வாலை நீளமாக இழுத்து, அடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

பிள்ளையார் சுழி.

என் வீட்டுக்காரர் சுழி போடாமல் எதையும் எழுத மாட்டார். மளிகைச் சீட்டானாலும், மொய்க் கவரில் பேர் எழுதுவதானாலும், ரிஜிஸ்டர் தபாலுக்குக் கையெழுத்து போடுவதானாலும், முதலில் சுழிதான். கோடும் இரண்டு புள்ளியும் அவருடைய சொந்தச் சேர்க்கை. அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எஸ்டேட் ஆபீஸில் கற்றது. உள்ளங்கை வேர்வை படாமல் இருக்க, எழுதுகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதன் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து மூடிக்கொள்வார். இதற்கும் மூடியிருக்கிறார். மூடிய தாளின் மேல் தன் பாட்டுக்குக் கை சுழியைப் போட்டிருக்கிறது. அடியில் இருந்த பழைய காகிதம் மெத்தென்று அதை வாங்கிக்கொண்டுவிட்டது. இவ்வளவும் எனக்கு ஒரே நொடியில் புரிந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. நிஜம் என்று சொன்னால் பம்பாய்க்காரர் கண்டுபிடிப்பார், இவர் திரும்பி வருவார். போலி என்று சொன்னால் இப்போதே, இங்கேயே. என் கண்ணுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் பார்த்த அந்த மடங்காத விரல்கள்தான் தெரிந்தன. பின்னால் என் வீட்டுக்காரர் டீ கொண்டுவந்து நின்றார். தட்டில் டம்ளர் கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் என் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று திரும்பவில்லை. 

"பனியா இருக்குதுங்க. வெளிச்சம் பத்தலைங்க. வெய்யில் வர்ற அன்னிக்குப் பார்த்துச் சொல்றனுங்க."

"எங்கியோ கை நின்னுச்சே அம்மிணி."

"இல்லீங்க, அது சும்மா."

"நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க. சாய்ச்சுப் பார்த்தா தெரியும்னு." அவர் மெதுவாக என் கையிலிருந்து காமிக்ஸை வாங்கினார். ஜன்னலுக்குப் போய், நான் பிடித்த மாதிரியே பிடித்து, நான் சாய்த்த மாதிரியே சாய்த்தார். என்னைவிட அதிக நேரம் பார்த்தார். அவர் முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளைக்காரரு சுழி போட்டுட்டுத்தான் கையெழுத்து போட்டிருக்காருங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தான். முதலாளி திரும்பினார். முகத்தில் சிரிப்பு முழுசாகப் போய்விட்டிருந்தது.

"யாரு கையிங்க இது?"

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. யோசித்துச் சொல்லவில்லை. பெண்பிள்ளை என்றால் விடுவார் என்று கணக்குப் போட்டுச் சொன்னதாக இன்றைக்கு வேண்டுமானால் பீற்றிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் எனக்கு அந்த விரல்கள் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தன. என் வீட்டுக்காரரின் விரல்கள், அச்சு மாதிரி எழுதுகிற விரல்கள். அவற்றின் மேல் அந்த இரும்புக் கதவு விழுவதை என்னால் பார்க்க முடியாது.

"என் கையிங்க" என்றேன். "நான்தானுங்க போட்டேன். அவுருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

சொல்லிவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டேன். இந்த ஆள் இப்போது என்ன செய்வார்? டிரைவரைக் கூப்பிடுவாரா? என் கையை இழுப்பாரா? கதவைச் சாத்தச் சொல்வாரா? பனியில் கத்தினால் பக்கத்துக் கடைக்காரருக்குக் கேட்குமா? அத்தனையும் நினைத்தேன். அத்தனைக்கும் நடுவில் ஒன்றுக்காகக் காத்துக்கொண்டும் இருந்தேன். எனக்குப் பின்னால் நிற்கிறவர் இப்போது பேசுவார். "இல்லீங்க, அவ இல்லீங்க, நானுங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார். அவர் அப்படிச் சொல்லக் கூடாதே என்று பயந்தேன். சொல்ல மாட்டாரா என்றும் ஏங்கினேன்.

முதலாளியும் அதற்காகவே காத்திருந்தார் என்று நினைக்கிறேன். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். டம்ளர் ஆடுகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"நீங்க போட்டிருந்தா அந்தச் சுழி எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க அம்மிணி" என்று கடைசியில் சொன்னார். "உங்க கண்ணு அதை விட்டிருக்காது."

ஜன்னலை விட்டு வந்து என்னைத் தாண்டிப் போனார். என் வீட்டுக்காரரின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார். வலது கையைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியில் மைக்கறை இருந்தது. ரைட்டர் வேலையை விட்டு எத்தனை வருஷமானாலும் அவருக்கு அது போகாது.  "சாமி, விட்டுருங்க" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நல்ல கையெழுத்துங்க" என்றார் முதலாளி. கையை விட்டுவிட்டார்.

காமிக்ஸை மேஜை மேலேயே போட்டுவிட்டு, வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். ஏதோ மறந்தது மாதிரி திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பார்த்து இருங்க அம்மிணி" என்றார்.  ஜீப் கிளம்பியது, பனி அதை மூடிக்கொண்டது. இறக்கத்தில் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.  என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து தோளைத் தொடுவார், அழுவார், ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதலாளிக்காகக் கொண்டுவந்த டீயை எடுத்துக் குடித்தார்.

"பொம்பளையாளு மேல அவரு கை வெக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும் புள்ள" என்றார். "நீ ஒத்துக்குவேன்னும் தெரியும்."

அப்புறம் மேஜையிலிருந்து அந்தக் காமிக்ஸை எடுத்தார். தன் கையெழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். முகமெல்லாம் ஒரு சிரிப்பு வந்தது. ஆசையாக என்னைக் கேட்டார்.

"ஏம்புள்ள, நெசத்தைச் சொல்லு. அந்தச் சுழி மட்டும் இல்லாம இருந்திருந்தா, நீயே ஏமாந்திருப்பேதான?"

இறக்கத்தில் ஜீப் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. ஓடிப்போய் அந்த ஜீப்பைக் கூப்பிட்டு நிறுத்தலாமா என்று எனக்கு இருந்தது.